பேராசிரியர் இவான் மினாயெவ்

தோற்றுவாய்

புத்தளத்துக் கடற்கரை பண்டு தொட்டே பிற நாட்டார் கண்ணிற் பட்ட கரையாகும். 1344ஆம் ஆண்டில் மொறொக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபுன் பத்தூத்தா, மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குச் செல்லும் வழியிற் காற்றினால் அலைப்புண்டு இக்கரையில் வந்திறங்கினார். அக்காலத்து ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று, முத்துக்களைக் காட்டி மகிழ்வித்து, சிவனொளிபாத மலைக்குச் செல்வதற்குப் பல்லக்கும் ஆட்களும் உதவினான். அந்த யாத்திரிகர் இவ்வூரைப் பத்தாலா எனத் தம் நூலிற் குறித்தார். அவருக்கு அரை நூற்றாண்டு முன்னர் இக்கடல் வழியே சென்ற வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, முத்துக் குளிப்போர் கூடுந் துறையாகப் பெத்தலார் என ஓரிடத்தைச் சொல்லியுள்ளார். அதுவும் எங்கள் புத்தளமே என்பது அறிஞர் சிலரின் துணிபு.

அந்த மார்க்கோ போலோவின் நூலைப் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ருஷ்ய மொழிக்குப் பெயர்த்தவர் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் வீட்டினுள் இருந்துகொண்டே உலகை அளந்தவர் அல்லர். ஈழ மண்ணை மிதித்து, இங்குள்ள விகாரங்களையும் பாழடைந்த பழம்பதிகளையும் தம் கண்ணாற் கண்டு சென்றவர். சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திலே இந்திய இயல் என்னும் துறைக்கு வேரூன்றி வைத்தவர். அவர் வைத்த வேரிலிருந்தே, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்தபின், தமிழ்க் கல்வி என்னும் கிளையும் அந்நாட்டில் அரும்பியது. அவர்தாம் பேராசிரியர் இவான் பாவ்லோவிச் மினாயெவ்.

எம் இந்துக் கல்லூரியின் விழா மலரில் ஒரு ருஷ்யப் பேராசிரியரின் வரலாறு ஏன் என்று பழைய மாணவ நண்பர் சிலர் வினவக்கூடும். ஒரு நாட்டு மக்களை அறிய விரும்புவோன் முதலில் அவர்கள் மொழியைக் கற்க வேண்டும். மொழியைக் கற்க விரும்புவோன் அது பேசப்படும் நிலத்தில் நடக்க வேண்டும். இவ்வுண்மையை வாழ்ந்து காட்டியவருள் இவர் முன்னணியில் நிற்பவர். அவ்வுண்மை எங்கள் கரையோரத் தமிழுக்கும் வேண்டுவதாயிற்று. எவ்வாறு என்பதை முடிவில் உரைப்பேன்.

பிறப்பும் கல்வியும்

மினாயெவ் 1840ஆம் ஆண்டு ருஷ்யாவின் தம்போவ் மாகாணத்திலே பிறந்தார். 1858இற் சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய மொழிப் பீடத்திற் சேர்ந்தார். அப்பீடம் அப்பொழுது மூன்று வயதுக் குழந்தை. கசான் நகரப் பல்கலைக்கழகத்தில் அதுவரை நடந்துவந்த கீழைமொழி வகுப்புகளை ஆசிரியர், நூல்களோடு தலைநகருக்குக் கொணர்ந்து 1855இல் அதனைத் தொடக்கியிருந்தனர். கால்டுவெல் ஐயர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டது அதற்கு அடுத்த ஆண்டில் என்பதை நினைவிற் கொண்டால், அக்காலத்தின் அறிவு வேகம் ஒருவாறு விளங்கும்.

அப்பல்கலைக்கழகத்தில் இன்னொரு துறையும் ஓங்கி நின்றது. அது சிலாவிய மொழித் துறையாகும். ருஷ்யர், போலந்தர், செக்கர், சேர்பியர், பல்கேரியர் முதலாயினோர் பேசும் மொழிகள் யாவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அவற்றைச் சிலாவிய மொழிகள் என்பர். அம்மக்களுட் பலர் அந்நாளில் ஒஸ்திரிய, துருக்கிய, பிரசிய அரசுகளின் கீழ் வாழ்ந்தனர். அவர்தம் மொழிகளுள் உழவர் வாயிலும் பாட்டிமார் கதையிலும் மாத்திரம் உயிரோடிருந்தனவும் உண்டு. 1835ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் ருஷ்யாவின் பல்கலைக்கழகங்களிலே சிலாவிய மொழிகளுக்கெனத் தனிப் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்திற்று. பதவி ஏற்படுத்தப்பட்டதே தவிர, அதில் அமர ஆளில்லை. ஆகவே இளைஞர் சிலரைத் தெரிந்தெடுத்துச் சிலாவிய நாடுகளுக்கு அனுப்பினர். அவருள் ஒருவரே இஸ்மாயில் ஸ்ரெஸ்னெவ்ஸ்கி. 1839 முதல் 1842 வரை அவர் அந்நாடுகளிற் பெரும்பாலும் கால்நடையாகவே திரிந்து, கிளைமொழிகளையும் நாட்டுப் பாடல்களையும் குறித்துக்கொண்டு மீண்டார். பின்னர்ச் சென் பீற்றர்ஸ்பேர்க்கிற் பேராசிரியராகிப் பழைய ருஷ்ய ஏடுகளை ஆராய்வதில் தலைசிறந்து விளங்கினார்.

மினாயெவ் மாணவனாக நுழைந்தபொழுது அப்பல்கலைக்கழகத்தில் நிலவிய காற்று இதுவே. புத்தகத்தை மாத்திரம் கற்றவன் பாதி கற்றவன் என்ற கொள்கை அங்கே வேரோடியிருந்தது. அவருடைய ஆசிரியராகிய வாசிலியேவ் என்பவரும் பீக்கிங் நகரிற் பத்தாண்டு வாழ்ந்து, சீனத்தையும் திபெத்திய மொழியையும் அந்நாட்டாரிடமே கற்றுப் பௌத்த சமய வரலாற்றை எழுதியவர். அவரிடஞ் சீனமும் மஞ்சு மொழியும் பயின்ற மினாயெவின் உள்ளம் பௌத்தத்தின்பாற் சென்றது. பௌத்தம் பிறந்தது இந்தியாவில் அல்லவா? ஆகவே கொசோவிச் என்னும் ஆசிரியரிடம் சமஸ்கிருதமும் கற்றார். ஆற்றின் கழிமுகத்தைக் கண்டவன் ஊற்றைத் தேடி மேலேறுவது போலாயிற்று அவர் கல்வி.

1862இற் பட்டம் பெற்றபின் மேனாடுகளுக்கு அனுப்பப்பெற்றார். பேர்லினில் வேபரிடத்தும், கொட்டிங்கனிற் பென்பேயிடத்தும் சமஸ்கிருதமும் ஒப்பியல் மொழிநூலும் கற்றார். பாரிஸ் நூலகத்தில் இருந்த பாளி ஏடுகளுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரித்தார். இலண்டனிலும் ஏடுகளை ஆராய்ந்தார். இவ்வாறு ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தன. ஊர் திரும்பி, பௌத்த துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் பிராதிமோட்ச சூத்திரத்தை 1869இற் பதிப்பித்து மொழிபெயர்த்தார். 1872இற் பாளி மொழியின் ஒலியியலையும் சொல்லியலையும் ஆராய்ந்து ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். அது 1874இற் பிரெஞ்சிலும், 1882இற் பர்மாவில் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று. ருஷ்ய மொழியிற் பிறந்த ஒரு பாளி இலக்கணம், பாளியையே சமய மொழியாகக் கொண்ட பர்மா நாட்டில் அச்சேறிய சிறப்பு எண்ணி வியத்தற்குரியது.

ஈழத்திலும் இமயத்திலும்

1873இற் பேராசிரியரான மினாயெவ், அடுத்த ஆண்டே கப்பலேறினார். ஏட்டிற் கண்ட பாளியைப் பிக்குமார் வாயிற் கேட்க வேண்டும் என்ற வேட்கை அவரை முதலில் இலங்கைக்குக் கொணர்ந்தது.

1874ஆம் ஆண்டின் இலங்கையைச் சற்றே மனக்கண்முன் கொணர்வோமாக. மலைநாட்டிற் கோப்பிப் பயிர் கொழித்தது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கி ஏழாண்டுகளே ஆகியிருந்தன. பாணந்துறையிற் பௌத்தருக்கும் கிறித்தவருக்கும் நடந்த பெருவாதம் முந்திய ஆண்டின் செய்தி. மாளிகாகந்தையில் வித்தியோதயப் பிரிவேனா தொடங்கியதும் அதே 1873இலாம். யாழ்ப்பாணத்தில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் சைவத்தையும் தமிழையும் தம் இரு கண்களாகக் காத்து வாழ்ந்த காலமும் அஃதே. ஆங்கிலர் ஆட்சியின் கீழ் ஈழத்தின் சமயங்களும் மொழிகளும் தத்தம் வலிமையைத் தாமே உணரத் தொடங்கிய அவ்வேளையில், வடபனி நாட்டிலிருந்து இவர் வந்து சேர்ந்தார்.

வந்தவர், பழைய ஏட்டுக்கும் இன்றைய வழக்கிற்கும் உள்ள உறவைக் கண்ணுங் கருத்துமாக நோக்கினார். விகாரைகளில் வழிபாடு எவ்வாறு நிகழ்கின்றது, துறவிகள் எவ்வாறு வாழ்கின்றனர், நூலிற் சொன்ன விதிகளுள் எவை வழக்கில் நிற்கின்றன, எவை நின்றுபோயின என்பனவற்றைக் குறித்துக்கொண்டார். பின்னர் இந்தியாவுக்குச் சென்று, புத்தர் பெருமான் திரிந்த மகத நாட்டையும், நேபாளத்தையும், இமயமலைச் சாரலிலுள்ள குமாவோன் நாட்டையும் கண்டார். அப்பயணத்தின் பயனாக 1878இல் ஈழத்தையும் இந்தியாவையும் பற்றிய கட்டுரைகள் என்னும் நூல் இரு பகுதிகளாக வெளிவந்தது. ஈழம் அந்நூலின் தலைப்பிலேயே முதலிடம் பெற்றுள்ளமை நமக்குப் பெருமை தருவதொன்றாம்.

குமாவோனில் அவர் செய்த செயலை இங்கே விரித்துரைக்க விரும்புகின்றேன். அம்மலைநாட்டு மக்கள் பேசிய மொழி அந்நாளிற் கற்றோரால் மதிக்கப்படாத மொழி. அதற்குப் பேரிலக்கியம் இல்லை; அரசவையில் இடமில்லை. சமஸ்கிருதத்திலும் பாளியிலும் துறைபோய ஒரு பேராசிரியர் அதனைப் புறக்கணித்திருந்தால் வியப்பேதும் இல்லை. மினாயெவோ 1875இல் அம்மக்களிடையே தங்கி, அவர்கள் சொன்ன கதைகளையும் ஐதிகங்களையும் கேட்டு எழுதிக்கொண்டார். அவற்றை ருஷ்ய மொழியிற் பெயர்த்து 1877இல் நூலாக்கினார். சீரிய சாத்திர ஏட்டுக்கு எத்துணை மதிப்புக் கொடுத்தாரோ, அத்துணை மதிப்பை அடுப்பங்கரைக் கதைக்கும் அவர் கொடுத்தார். ஏட்டிற் காணப்படும் பழங்கதைகள் பல ஒரு காலத்தில் இத்தகைய மக்கள் வாயிலிருந்தே ஏறியவை என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

மூன்று கடலுக்கு அப்பால்

சிலாவிய மொழி ஆராய்ச்சியும் இந்திய நாட்டு ஆராய்ச்சியும் கைகோத்து நின்ற இடம் ஒன்றுண்டு. மினாயெவ் 1881இல் வெளியிட்ட பழைய இந்தியா என்னும் ஆராய்ச்சியே அது.

பதினைந்தாம் நூற்றாண்டிலே துவேர் நகரத்து வணிகர் அபனாசி நிக்கித்தின் என்பவர், வொல்கா ஆற்று வழியே புறப்பட்டு, வழியிற் கொள்ளை கொடுத்து, பாரசீகத்தைக் கடந்து, ஒரு குதிரையோடு இந்தியாவின் மேற்குக் கரையில் வந்திறங்கினார். சாவுல், சுன்னர், பீதர் முதலிய நகரங்களிற் சில ஆண்டுகள் வாழ்ந்தார். சிவராத்திரிக் காலத்திற் பருவதம் என்னும் பெருந்தலத்துக்கு அடியார் கூட்டத்தோடு சென்று, அங்கே கரிய கல்லில் வடித்துப் பொன் பூசிய நந்தியையும், மக்கள் அதன் குளம்பை முத்தமிட்டு மலர் சாத்துவதையும் கண்டெழுதினார். அது மல்லிகார்ச்சுனர் உறையும் ஸ்ரீசைலமே என்பர் அறிஞர். நம் ஈழத்தையும் அவர் செவிவழிச் செய்தியாகக் கேட்டு, மணிகளும் யானைகளும் உள்ள தீவு எனக் குறித்தார். தாய்நாடு திரும்பும் வழியில், ஊர் சேருமுன்னரே சிமொலென்ஸ்க் நகரருகில் இறந்துபோனார். அவர் கையெழுத்துக் குறிப்பு மாத்திரமே ஊர் சேர்ந்தது. மூன்று கடல்களுக்கு அப்பாற் சென்ற யாத்திரை என அது பெயர் பெறும்.

இக்குறிப்பைப் படிப்பது எளிதன்று. பழைய ருஷ்ய மொழியில் எழுதத் தொடங்கியவர், இடையிடையே துருக்கியும் பாரசீகமும் அரபும் கலந்து எழுதியுள்ளார். முன்சொன்ன ஸ்ரெஸ்னெவ்ஸ்கி என்னும் சிலாவியப் பேராசிரியர் அதன் மொழியை ஆராய்ந்து 1857இல் நூல் வெளியிட்டார். மொழி விளங்கிற்று; ஆயினும் அதிற் சொல்லப்பட்ட ஊர் யாது, பழக்கம் யாது, அரசன் யாவன் என்பன விளங்கா. அவற்றை விளக்க இந்தியாவை அறிந்தவர் ஒருவர் வேண்டப்பட்டார். மினாயெவ் அப்பணியை மேற்கொண்டு, நிக்கித்தின் சொன்னவற்றைப் பிற யாத்திரிகர் கூற்றுகளோடும் தாம் நேரிற் கண்டவற்றோடும் ஒப்பிட்டு, அவ்வணிகர் எழுதியது கட்டுக்கதை அன்று, கண்ணாற் கண்ட வரலாறே என நிறுவினார். சொல்லை அறிந்தவர் ஒருவரும் நிலத்தை அறிந்தவர் ஒருவருமாக இரு பேராசிரியர் ஒரே பல்கலைக்கழகத்திற் பணிசெய்தமையாற் கிடைத்த பேறு இது. ஒரு மொழித் துறையின் பக்கத்தில் நாட்டாராய்ச்சித் துறை ஏன் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அதே 1881இல் நம் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் வீரசோழியத்தை ஏட்டுச் சுவடியினின்று எடுத்து அச்சேற்றினார்கள். வடக்கே நேவா ஆற்றங்கரையிலும் தெற்கே தமிழகத்திலும் ஒருவரை ஒருவர் அறியாத இருவர், செல்லரித்து அழிய இருந்தவற்றை ஒரே ஆண்டிலே காத்தளித்தமை எண்ணுந்தொறும் இன்பம் பயப்பதாகும்.

தனித்து நின்ற கொள்கை

மினாயெவ் 1880இலும் 1885-86இலும் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். ருஷ்யருக்கும் ஆங்கிலருக்கும் மத்திய ஆசியாவைப் பற்றிய பூசல் முற்றியிருந்த காலம் அது. ருஷ்யர் எவரையும் ஆங்கில அதிகாரிகள் ஐயக்கண்ணோடே நோக்கினர். இறுதிப் பயணத்தின்போது அவர் பர்மாவுக்கும் சென்றார். 1886 சனவரி முதலாந் திகதி அந்நாட்டின் வடபகுதியை ஆங்கிலர் தம் ஆட்சியோடு இணைத்திருந்தனர். அரசு இழந்த ஒரு மக்கட் கூட்டத்தின் துயரத்தை அவர் அருகிருந்து கண்டார். அப்பயணங்களில் நாடோறும் எழுதிய குறிப்புகள் அவர் இறந்து நெடுங்காலத்தின் பின், 1955இலே அச்சாயின.

1887இற் பௌத்தம் பற்றிய அவரது பெருநூலின் முதற்பாகம் வெளிவந்தது. அக்காலத்து மேனாட்டறிஞர் பலர், ஈழத்திற் காக்கப்பட்ட பாளித் திருமுறையே பௌத்தத்தின் முதல் வடிவம், அதனைக் கற்றாற் போதும் என்று கருதியிருந்தனர். பாளி இலக்கணம் எழுதிப் பெயர் பெற்ற மினாயெவே அக்கருத்தை மறுத்தார். ஒரு சமயத்தின் நூல்கள் ஒரே நாளில் எழுந்தன அல்ல. அவை பல காலத்தில், பல பிரிவினரிடையே வளர்ந்தன. ஆகவே வடமொழி, திபெத்து, சீன நூல்களையும், பார்கூத் முதலிய இடத்துக் கல்வெட்டுகளையும், மக்களின் வாழும் வழக்கத்தையும் சேர்த்தே முடிவு காண வேண்டும் என்பது அவர் கொள்கை. தாம் வளர்த்த பயிரையே தாம் குறைகூறுவது போன்ற இச்செயல் அன்று பலருக்கு உவப்பாயிருக்கவில்லை. அவருடைய முடிபுகள் அனைத்தும் இன்று ஏற்கப்படுவன அல்ல. எனினும் அவர் காட்டிய வழி பின்வந்தோருக்குப் பொது வழியாயிற்று. அந்நூல் 1894இற் பிரெஞ்சு மொழியிலும் வெளிவந்தது.

இலண்டன் பாளி நூற் சங்கத்துக்கும் அவர் பல நூல்களைப் பதிப்பித்து உதவினார். சாந்திதேவரின் போதிசரியாவதாரம் என்னும் வடமொழி நூலை 1889இல் முதன்முதலாக அச்சேற்றினார். அடுத்த ஆண்டு, 1890 யூன் மாதத்தில், ஐம்பது வயது நிரம்புமுன்னரே உலக வாழ்வை நீத்தார். தொடங்கியவற்றுட் பல முடியாமலே நின்றன. மார்க்கோ போலோ மொழிபெயர்ப்பும் கையெழுத்தாகவே கிடந்து, 1902இற் பார்த்தோல்ட் என்னும் அறிஞரின் பார்வையில் அச்சாயிற்று.

மாணவர் பரம்பரை

ஒரு பேராசிரியரின் வாழ்வை அவர் எழுதிய நூல்களைக் கொண்டு மாத்திரம் அளத்தல் கூடாது. மினாயெவிடங் கற்ற இருவர் உலகப் புகழ் பெற்றனர். ஒருவர் செர்கேய் ஒல்டன்பேர்க். ருஷ்ய விஞ்ஞானக் கழகத்தின் நிரந்தரச் செயலாளராகக் கால் நூற்றாண்டு பணிசெய்து, பௌத்த நூல் வரிசையொன்றை 1897இல் தொடக்கியவர். மற்றவர் தியோடர் ஷெர்பாத்ஸ்கி. பௌத்த தருக்கம் என்னும் பெருநூலை இயற்றி, திக்நாகர், தருமகீர்த்தி முதலியோரை மேனாட்டார்க்கு அறிமுகஞ் செய்தவர்.

அவ்வழிமுறையின் தொடர்ச்சியாகவே தமிழும் அந்நாட்டிற் புகுந்தது. 1914இற் சென் பீற்றர்ஸ்பேர்க் மானிடவியற் காட்சிச்சாலையினர் மேர்வார்ட் என்னும் அறிஞரையும் அவர் துணைவியார் லியுத்மிலாவையும் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அனுப்பினர். அவ்விருவரும் நான்காண்டுகள் இந்நாடுகளில் வாழ்ந்து, மக்களின் பண்டங்களையும் மொழிகளையும் ஆராய்ந்தனர். உள்நாட்டுப் போரினால் வழியடைபட்டு, பல ஆண்டு கழிந்தே தம் நகரை அடைய முடிந்தது. பின்னர் மேர்வார்ட் லெனின்கிராட் எனப் பெயர் மாறிய அந்நகரிலே தமிழ் கற்பித்தார். 1929இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அது தமிழ்ப் பேச்சு வழக்கின் இலக்கணம்! நன்னூலுக்கு உரை வகுத்த நம் பண்டிதர்கள் பேச்சுத் தமிழை ஏறெடுத்தும் பாராத காலத்தில், ஓர் அயல்நாட்டார் சந்தையிலும் தெருவிலும் கேட்ட தமிழுக்கு ஒழுங்கு கண்டு இலக்கணம் எழுதினார். அடுத்த ஆண்டே, அறிஞர் பலரைச் சிறைப்படுத்திய வழக்கொன்றிற் கைதாகி, 1932இற் சிறைமுகாமில் உயிர் நீத்தார். ஒரு துறை வளர்வது அரிது. அதனை ஓர் அரசின் ஐயம் ஒரே நாளில் வெட்டி வீழ்த்திவிடும் என்பதற்கு அவர் முடிவு சான்றாகும்.

ஆயினும் வேர் அழியவில்லை. இரண்டாம் உலகப் போரின் பின்னர் செமியோன் ரூதின் லெனின்கிராட்டில் மீண்டும் தமிழ் கற்பித்தார். பியாத்திகோர்ஸ்கியும் அவரும் தொகுத்த தமிழ் ருஷ்ய அகராதி 1960இல் வெளிவந்தது. மொஸ்கோவில் அந்திரோனோவ் தமிழிலக்கணத்தை ஆராய்ந்தார். 1963இல் திருக்குறள் ருஷ்ய மொழியிற் பெயர்க்கப்பட்டது. பிராக் நகரத்துச் சாள்ஸ் பல்கலைக்கழகத்திலே கமில் சுவெலபில் தமிழாராய்ச்சியை ஓங்கச் செய்தார். இங்ஙனம் சிலாவிய மொழி பேசும் நாடுகளின் பல்கலைக்கழகங்கள் நம் மொழிக்கு இருக்கையளித்தன. மறுபுறத்தே, 1960இல் மொஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கியபின் இலங்கைப் பிள்ளைகள் பலர் அங்கே சென்று ருஷ்ய மொழி கற்று, வைத்தியராகவும் பொறியியலாளராகவும் மீண்டனர். 1965இற் டில்லியில் ருஷ்யக் கல்விக்கென ஒரு நிறுவனம் தோன்றிற்று. நம் நாட்டிற் களனிப் பல்கலைக்கழகத்திலும் ருஷ்ய மொழி கற்பிக்கப்படுகின்றது.

முடிவுரை

இனி, இவ்வரலாறு எனக்குக் கற்பித்த பாடத்தைச் சொல்லி முடிப்பேன். அது என் குறையைச் சொல்வதும் ஆகும்.

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற தொடக்கத்தில், நான் படிப்பித்த பாடசாலை ஒன்றிற் கடற்கரைக் கிராமத்து மாணவன் ஒருவன் கட்டுரை எழுதினான். பொருள் எங்கள் ஊர் என்பது. சோழகம் எழும்பினாற் கரைவலை இழுக்க முடியாது, வாடிகள் வெறுமையாகிவிடும், சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியவர்களுக்குக் கடன் ஏறும் என்று அவன் எழுதியிருந்தான். நான் சிவப்பு மையெடுத்து, சோழகம் என்பதை வெட்டித் தென்மேற்குப் பருவக்காற்று என்றும், சம்மாட்டி என்பதை வெட்டி வலை உரிமையாளர் என்றும் திருத்தினேன். இவை கொச்சை எனப் பக்கத்தில் எழுதியும் வைத்தேன். அவன் எதிர்த்தொன்றும் பேசவில்லை. அடுத்த கட்டுரையை அவன் நூலில் உள்ளபடியே எழுதினான். பிழையொன்றும் இல்லை, அதில் அவனும் இல்லை, அவன் ஊரும் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து மினாயெவ் குமாவோன் மலையில் உட்கார்ந்து கதை கேட்ட செய்தியையும், மேர்வார்ட் பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் வகுத்த செய்தியையும் படித்தபொழுதே அம்மாணவன் முகம் என் நினைவில் எழுந்தது. ஆயிரங் காதம் கடந்து வந்தவர்கள் குனிந்து பொறுக்கிய முத்துக்களை, இக்கரையிலேயே பிறந்த நான் கூழாங்கல் என்று வீசினேனே என வருந்தினேன். சோழகம் என்பது கொச்சையன்று. தலைமுறை தலைமுறையாகக் கடலோடு பழகியவர் காற்றுக்கு இட்ட பெயர். அவன் எழுத்துநடையிற் பிழையிருந்தால் அதனைத் திருத்துவது என் கடன். அவன் சொல்லைப் பறிப்பது என் கடன் அன்று.

இக்கரையின் தமிழ் எல்லா இடத்தும் ஒருபடித்தாக நிலைக்கவில்லை. சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட ஊர்கள் பலவற்றில், முன்பு வீட்டு மொழியாயிருந்த தமிழ் பாட்டன் காலத்தோடு நின்று, பேரர் சிங்களம் பேசுவதை யாம் காண்கின்றோம். இதில் யாரையும் பழிப்பதற்கில்லை. பள்ளியும் சந்தையும் எம்மொழியில் நடக்கின்றனவோ அம்மொழியே வீட்டிற் புகும். உடப்பிலோ திரௌபதையம்மன் தீமிதிப்பு விழாவும், வலையிழுப்போர் பாடும் அம்பாப் பாட்டும், அவற்றோடு தமிழும் வாழ்கின்றன. வாழ்கின்றவற்றை வாழும்பொழுதே குறித்துக்கொள்ளல் அறிவுடைமை. நின்றுபோனபின் தேடுவது, நிக்கித்தினின் ஏடு வந்து சேர்ந்தபின் அவரைத் தேடிச் செல்வதை ஒக்கும்.

ஒரு மொழி நிலையம் என்பதற்கு வேண்டுவன யாவை? மினாயெவின் வாழ்வை நோக்கின், கற்பிக்க ஓர் ஆசிரியர், காக்க ஒரு நூற்றொகுதி, நிலத்தில் நடக்கத் துணிந்த கால்கள், தொடர்ந்து செய்ய மாணவர் என இந்நான்குமே முதன்மையாகத் தோன்றுகின்றன. கட்டடம் பின்னர் வந்தாலும் குறையில்லை. இந்நான்கும் ஒரு கல்லூரியிலும் கூடக் கூடியனவே.

ஆகவே எம் கல்லூரியின் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். விழாவின் நினைவாகப் பலர் பலவற்றை வழங்க முன்வந்திருப்பீர்கள். அவற்றோடு, உங்கள் ஊரில் முதியோர் சொல்லும் ஒரு கதையை, ஒரு மீனின் பெயரை, ஒரு காற்றின் பெயரை, உப்பளத்தில் வழங்கும் ஒரு சொல்லை, சொன்னவர் ஊரையும் கேட்ட நாளையும் குறித்து ஒரு தாளில் எழுதிக் கல்லூரி நூல்நிலையத்துக்கு அனுப்புங்கள். பெரும்பொருள் வேண்டா. ஒரு தாள் போதும். நூறு தாள் சேர்ந்தால் அஃது ஓர் ஏடு. அவ்வேடு உள்ள இடத்துக்கு ஒருநாள் ஓர் இளைஞன் வந்து உட்காருவான். சென் பீற்றர்ஸ்பேர்க்கில் தொடங்கிய துறையும் அவ்வாறு ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தொடங்கியதாகும்.

நான் சிவப்பு மையால் வெட்டிய சொற்கள் இரண்டையும் முதல் தாளாக எழுதி நூல்நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன்.